பெஞ்சு வந்த வருஷம்

பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் பள்ளிக்கூட வாசலை விட முடியாத என் சக ஆசிரியர்களே, உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஓய்வு பெற்ற ஆசிரியர் குழுவின் போன மாதக் கூட்டத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க நாம் பேசியது என்ன? பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு தரும் பனியன் கம்பெனி முதலாளிக்குச் சால்வை போடுவதா, ஏலக்காய் மாலை போடுவதா? பிளெக்ஸில் யார் படம் எந்த வரிசையில் வரவேண்டும்? பள்ளிக்குப் பின்னால் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் பள்ளிக்கே வராமல் இருக்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "அதெல்லாம் அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாங்க டீச்சர்" என்றார் நம் தலைவர். போண்டா வந்தது. டீ வந்தது. எழுந்து போய்விட்டோம்.

எனக்கு ஆறவில்லை. நம்மைப் போலவே ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க மாட்டாமல் பள்ளிக்கூடம் தேடி வந்த இரண்டு பேரை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. இத்தனை வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே தள்ளி, கிளுவை வேலிக்கு நடுவே போகும் மண் தடத்தில் இருந்தது. ஒரே வாத்தியார், ஒரே நீளக் கூடம். அதில் ஐந்து வகுப்பும் ஐந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். தை மாதத்தில் வாத்தியார் சைக்கிளோடு பாலத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பதிலுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்ன அதிகாரிகள் அனுப்பவில்லை. சில வாரங்கள் நாங்கள் புழுதியில் ஆடித் திரிந்தோம். அப்புறம் ஊர்த் தலைவர், திருப்பூர்ப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தம் உறவுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவரைப் பெரிய வாத்தியார் என்று கூப்பிட்டோம்.

பெரிய வாத்தியார் ஒரு காசு வாங்காமல் வந்தார். தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, செம்மண் ஒட்டாமல் வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி நடந்து வருவார். மத்தியானம் அவர் தூக்குப்போசியைத் திறந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் வாசம் கூடம் முழுக்க அடிக்கும். பொய் என்றால் அவருக்கு ஆகாது. சிலேட்டில் போட்ட கணக்குக்கு விடை சரியாக வந்திருந்தாலும், "இது உன்ற கணக்கா, பக்கத்துல பாத்ததா?" என்று கேட்பார். பார்த்தது என்று ஒத்துக்கொண்டால் அடிக்க மாட்டார். அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்.

அவருக்கு ஒத்தாசையாக மத்தியான நேரத்தில் தையல் டீச்சர் வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர், எங்கள் ஊரிலேயே தம்பி வீட்டில் இருந்தவர். வாய் கொஞ்சம் காரம். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. தையல் டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால், "பாட்டு அப்புறம், வாய்ப்பாடு மொதல்ல" என்று பெரிய வாத்தியார் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சொல்வார். "வாய்ப்பாடும் பாட்டுத்தானுங்க" என்று டீச்சர் இந்தக் கோடியிலிருந்து பதில் தருவார். எங்களுக்கு அது தினப்படி வேடிக்கை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சோளம் கதிர் பிடிக்காமல் தட்டாகவே காய்ந்தது. பனியன் கம்பெனிகள் திருப்பூரைத் தாண்டி ஊர்ப்பக்கம் கால் வைக்க ஆரம்பித்திருந்த காலம். தார் ரோட்டோரம் பூட்டிக் கிடந்த பஞ்சுக் குடோனில் ஒருவர் தையல் மிஷின்களைக் கொண்டுவந்து இறக்கினார். மிஷினில் தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று, துணியை மடித்துக் கொடுக்கவும் நூல் பிசிறை வெட்டவும் சின்னக் கைகள் வேண்டியிருந்தன. கைமடி என்று அதற்குப் பெயர். எங்கள் கூடத்தில் வரிசைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஐந்தாம் வகுப்பில் நான், இரண்டு பையன்கள், அப்புறம் என் சேக்காளி. அவ்வளவுதான் மிச்சம்.

பிறகு சேக்காளியும் போனாள்.

அவள் அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மா அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைப்பவர். காட்டில் களையே முளைக்காத வருஷத்தில் அவர் என்ன செய்வார்? எங்கள் வீட்டில் எருமைகள் இருந்தன, அதனால் என் வேலை வீட்டிலேயே இருந்தது. சாணி அள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். நான் படித்ததற்கும் அவள் படிக்காததற்கும் வித்தியாசம் அந்த எருமைகள்தான், வேறொன்றும் இல்லை. படிப்பில் நான் சுமார். அவளோ பெரிய வாத்தியார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அவர் முறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொள்பவள்.

அவள் வேலைக்குப் போன பிறகும் சாயங்காலம் எங்கள் மாட்டுச்சாளைக்கு வருவாள். தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள்மேல் மிஷின் எண்ணெய் வாசம் வீசும். பாவாடை மடிப்பிலிருந்து பனியன் துணித் துண்டுகளை எடுத்துக் கொடுப்பாள். சிலேட்டுத் துடைக்க அதைப்போல ஒன்று கிடையாது. அதற்கு முன்னால் நாங்கள் எச்சிலும் கோவை இலையும் வைத்துத் துடைத்தவர்கள். அந்த மெத்துமெத்தென்ற வெள்ளைத் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தத் துண்டின்மேல் ஆசை வந்து, கம்பெனிக்குப் போகிறேன் என்று அழுதார்கள் என்றால் நம்புவீர்களா? நான்கூட அம்மாவிடம் கேட்டேன். விளக்குமாறு பறந்து வந்தது.

"இன்னைக்கு என்ன நடத்துனாங்க புள்ள?" என்று சேக்காளி கேட்பாள். நான் சொல்வேன். எருமை அசைபோட, அவள் சுவரில் கரித்துண்டால் பின்னக் கணக்குப் போடுவாள். எனக்குப் பாதி புரியாத கணக்கை எனக்கே விளக்கிவிட்டுப் போவாள்.

பெரிய வாத்தியார் சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போனார். வெயிலில் குடையோடு நின்று சத்தம் போட்டார். சேக்காளி வீட்டு வாசலில், ஊரே பார்க்க, "பெத்த புள்ளய வேலைக்குத் தாட்டிப்போட்டுக் கஞ்சி குடிக்கறதுக்கு வெக்கமா இல்லியா?" என்று கேட்டார்.

சேக்காளியின் அம்மா தலை குனிந்து நின்றார். பிறகு மெதுவாக, "வெக்கப்பட்டுத்தானுங்க சாமி குடிக்கறோம்" என்றார்.

பெரிய வாத்தியார் குடையை மடக்கி, மறுபடி விரித்து, கிளம்பிப் போனார். இன்று யோசித்தால், அவர் அன்று அங்கே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால்கூடப் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்து அவர் கம்பெனி வாசலுக்கே போனார். ஆட்டத்துக்குப் போகிறாற்போல நாங்களும் பின்னாலேயே ஓடினோம். குடோனின் தகரக் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து சூடான காற்றும் மிஷின்களின் இரைச்சலும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. முதலாளி வெளியே வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"வாங்க சாமி, வாங்க. வெயில்ல நிக்கறீங்களே. ஏப்பா, சாருக்கு ஒரு கலர் வாங்கியா."

"கலர் குடிக்க வரலை. எங்க புள்ளைங்களத் திருப்பி அனுப்புங்க."

"நானா வெச்சிருக்கறனுங்க? அவியவிய அம்மா கொண்டாந்து உடறாங்க. நான் வேண்டாம்னா பக்கத்தூருக்கு நடந்து போவாங்க, அவ்வளவுதான்." பிறகு, "புள்ளைங்க இன்னும் தரையிலதான் உக்காருதாமாங்க சாமி?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் பெரிய வாத்தியார் விழுந்துவிட்டார். பல வருஷமாக மனுக் கொடுத்தும் கிடைக்காதது பெஞ்சு. பங்குனியில் முதலாளி செலவில் ஒரு மாட்டு வண்டி நிறைய வந்து இறங்கியது. வார்னிஷ் சரியாகக் காயாததால் உட்கார்ந்தால் பாவாடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிரிகிற சத்தம் கேட்கும். அந்த வாசம் எனக்கு இன்றும் பிடிக்காது. விழா வைத்தார்கள். மாவிலை கட்டினார்கள். போட்டோக்காரர் வந்தார். பெரிய வாத்தியார் முதலாளிக்கு மாலை போட்டு, "கல்விக் கண் திறந்த வள்ளல்" என்று பேசினார். போட்டோவுக்குப் பெஞ்சு நிறையப் பிள்ளைகள் வேண்டுமே? முதலாளியே அரை மணி நேரத்துக்குக் கைமடிப் பிள்ளைகளை அனுப்பி வைத்தார். சேக்காளி என் பக்கத்தில் உட்கார்ந்து பெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள். போட்டோ எடுத்து முடித்ததும் அவர்கள் வரிசையாகத் திரும்பிப் போனார்கள்.

"நல்லா இருக்குதுங்க," என்றார் தையல் டீச்சர். "பெஞ்சு வந்துருச்சு. உக்காரத்தான் ஆளில்லை."

"படிப்படியாத்தான் நடக்கும்" என்றார் பெரிய வாத்தியார். அதன்பின் அவர் கம்பெனி வாசலுக்குப் போகவில்லை. மாலை போட்ட கையால் எப்படிச் சண்டை போடுவது? அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நன்றி என்ற ஒன்று அவர் வாயைக் கட்டிவிட்டது.

சித்திரையில் முழுப் பரீட்சை. ஐந்தாவது தேறினால் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாவது சேரலாம். அங்கே தலைமையாசிரியராக இருந்தவர் பெரிய வாத்தியாரின் பழைய மாணவர். ஒரு பிள்ளை தேறியதாக இவர் எழுதிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார். தையல் டீச்சர் சேக்காளியின் அம்மாவிடம் போனார். அவர் குடிசையில் கூடவே உட்கார்ந்து புளி கொட்டை நீக்கினார். கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "பரீட்சைக்கு மட்டும் உடு கண்ணு. தேறிட்டான்னா ஆறாவதுக்கு அந்த ஊர்ல மத்தியானச் சோறு போடறாங்க. ஒரு வயிறு உனக்குக் குறையும்." சேக்காளியின் அம்மா சரி என்றார். அதைக் கேட்டு நான் எங்கள் எருமைக் கன்றுக்கு முத்தம் கொடுத்தேன்.

தமிழ்ப் பரீட்சை எழுதினாள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் கம்பெனியில் அவசர ஆர்டர். பிள்ளைகளை விடியும்வரை நிறுத்திக்கொண்டார்கள். காலையில் அவள் கம்பெனியிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கண்கள் இரண்டும் சிவந்து, விரல்நுனிகள் கத்தரி பட்டு வீங்கியிருந்தன. கேள்வித்தாளை வாங்கி ஒரு தரம் படித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் தெரியும் என்ற சிரிப்பு அது. அடுத்த நிமிஷம் தலையைப் பெஞ்சில் சாய்த்தாள்.

நான் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு அவள் தோளைத் தொடக் கை நீட்டினேன். பெரிய வாத்தியார் அதற்குள் அருகில் வந்துவிட்டார். உதட்டில் விரலை வைத்து, "தூங்கட்டும். பாவம், புள்ள" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். வெயில் அவள் முகத்தில் விழாமலிருக்க ஜன்னல் கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் எழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். எழுப்பவில்லை. மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்த சத்தத்தில் அவள் திடுக்கிட்டு எழுந்தாள். வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். "நேரம் ஆயிருச்சு கண்ணு. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

மத்தியானம் தையல் டீச்சர் வந்தபோது தாள்கள் மேஜைமேல் இருந்தன. அன்று அவர்கள் போட்ட சண்டையைப் போல நான் பிறகு எந்த ஆசிரியர் அறையிலும் கேட்டதில்லை.

"அவளுக்கு இன்னொரு கேள்வித்தாள் போட்டுக் குடுங்க. நாளைக்கு எழுதட்டும்."

"அது எப்படிங்க? ஒரு பிள்ளைக்கு ஒரு நியாயம், இன்னொண்ணுக்கு ஒரு நியாயமா?"

"அப்போ தேறிட்டான்னு எழுதுங்க. உங்களுக்கே தெரியும் அவளுக்குக் கணக்கு வரும்னு."

"எழுதாத தாளுக்கு நான் எப்படீங்க மார்க் போடறது? என் சர்வீஸ்ல அப்படிச் செஞ்சதில்லை."

தையல் டீச்சரின் குரல் உடைந்தது. "தூங்கட்டும்னு உட்டதும் நீங்க. எழுதலைன்னு சொல்றதும் நீங்களா?"

பெரிய வாத்தியார் கடைசிவரை தேறினாள் என்று கையெழுத்துப் போடவில்லை. தையல் டீச்சர் அன்றோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த வயதில் பெரிய வாத்தியார்மேல்தான் கோபம் இருந்தது. ஆசிரியையாகி, என் சொந்தப் பிடிவாதங்களைப் பார்த்த பிறகு டீச்சர்மேலும் வந்தது. கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் யாருக்கு லாபம்? பத்து வீடு தள்ளித்தானே சேக்காளி இருந்தாள்? இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் தங்கள் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். பிள்ளை மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போனாள்.

அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு வரவில்லை. கைமடியாக இருந்து தைப்பவளாகி, கண் மங்கிய பிறகு பேக்கிங்குக்கு மாறி, இப்போது வெள்ளகோவிலில் மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருஷம் முன் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பேச்சுவாக்கில் பெரிய வாத்தியாரை நான் ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவள் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தாள்.

"அவரை வையாத புள்ள. அந்த வருஷத்துல என்னைத் தூங்க உட்டது அவரு ஒருத்தருதான்."

அவள் மன்னித்துவிட்டாள் என்பது எனக்கு ஆறுதல் இல்லை. அவர் செய்த நல்லதெல்லாம் அவ்வளவுதானா என்ற எரிச்சல் அதிகமாகத்தான் ஆயிற்று.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். திருமுருகன்பூண்டிப் பக்கத்து நம் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு விழா நடந்தது. சால்வையும் போட்டீர்கள், மாலையும் போட்டீர்கள். அந்த ஊர்ச் சிற்பக்கூடங்களில் சிலை செதுக்கும் உளிச்சத்தத்தையும் மீறி மைக் அலறியது. அந்த முதலாளியின் லைன் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விட, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண் பிள்ளைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் நம் ஊர்த் தமிழிலேயே சொன்னாள், "தம்பி நடக்கப் பழகிட்டா நான் வந்தர்றேனுங்க டீச்சர்." தம்பி நடக்கப் பழகும்போது இன்னொன்று பிறந்திருக்கும்.

நன்றியுரை சொல்ல என்னைக் கூப்பிட்டீர்கள். நன்றி சொன்னேன். பிறகு மைக்கிலேயே கேட்டேன். "சார், போர்டு ரொம்ப நல்லா இருக்குதுங்க. உங்க கம்பெனியில கைக்குழந்தைங்களைப் பாத்துக்க ஒரு ரூமும் ஒரு ஆயாவும் போட்டுக் குடுத்தீங்கன்னா, அந்த அக்காமாருங்க எல்லாம் இந்த போர்டைப் பாக்க வந்துருவாங்க. சட்டத்துலயும் அது இருக்குதுங்க." அவர் சிரித்தபடி, "செஞ்சுரலாங்க டீச்சர்" என்றார். கூட்டம் கை தட்டியது. மேடையை விட்டு இறங்கியதும் நம் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "விழாவுல கேக்கற விஷயமாங்க இது? அவரு மனசு நோகாதுங்களா?" என்றார். உங்களில் பலர் தலையாட்டினீர்கள். நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் காலையில் அந்தக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் வெளியூரில் இருக்கிறார், சார் இப்போதுதான் போனார். வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். காவலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். முதல் நாள் நான் பெருமையாக, "நாங்க ஓய்வு பெற்ற ஆசிரியர் குழுங்க. மத்தவங்க பின்னாடி வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்காகத் தூக்கிவந்து, துடைத்து, வேப்பமர நிழலில் வரிசையாகப் போட்டார்.

மறுநாள் கொஞ்சம் குறைவாகப் போட்டார். அப்புறம் இரண்டு போட்டார்.

நேற்று என்னைக் கண்டதும், "வாங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றே ஒன்றை எடுத்துவந்தார்.